ஃப்ளையிங் ஸ்கூல் விபத்துகள்: சேர்வதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

தம்பிக்காக எழுதியது:

வணக்கம். என் தம்பி கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் படிக்கப் போகிறான். இரண்டு பள்ளிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றில் எல்லாமே புதுசு, டயல்களுக்குப் பதில் பெரிய திரைகள் உள்ள விமானங்கள். இன்னொன்றில் செஸ்னா 152, 172. அவனைவிட வயதில் மூத்தவை. பயிற்சி விமானம் விழுந்ததாக எங்காவது செய்தி வந்தால் அன்று முழுக்க வீட்டில் அதே பேச்சுதான். பழைய விமானம் உள்ள இடம் வேண்டவே வேண்டாம் என்கிறார் அப்பா. எனக்கு இந்தத் துறை சுத்தமாகத் தெரியாது. இரண்டு அலுவலகங்களிலும் கேட்டோம், இரண்டிலும் ‘பாதுகாப்புக்குத்தான் முதலிடம்’ என்றார்கள். அதை வெளியாள் எப்படிச் சரிபார்ப்பது? நீளமாக எழுதினாலும் படிக்கிறேன்.

ஓடுபாதை27 எழுதியது:

நான் இன்ஸ்ட்ரக்டர். விமானத்தின் வயதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், அதைப் பற்றிப் பராமரிப்பில் இருப்பவர்கள் யாராவது வந்து சொல்லட்டும். விபத்து எங்கே, எப்படி நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் என்ன கேட்க வேண்டும் என்பது தானாக வந்துவிடும்.

பயிற்சியில் எண்ணிக்கையில் அதிகமாக நடப்பது தரையிறங்கும்போதுதான். விமானம் துள்ளும், மாணவர் பதறி மூக்கைக் கீழே தள்ளுவார், மறுபடி துள்ளும், முன்சக்கரக் கால் மடங்கும், ப்ரொப்பெல்லர் தரையில் அடிக்கும். பெரும்பாலும் ஆள் நடந்தே வெளியே வந்துவிடுவார். உயிரை எடுப்பது வேறு. தாழ்வான உயரத்தில், குறைந்த வேகத்தில், கட்டுப்பாடு கைவிட்டுப் போவது. இறக்கைக்கும் எதிர்காற்றுக்கும் இடையிலான கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் இறக்கை தூக்கும் பலம் சட்டென்று குறைந்துவிடும், அதைத்தான் ஸ்டால் என்கிறோம். இதற்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமில்லை. இன்ஜின் முழு பலத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டால் ஆகும்.

ஓடுபாதைக்கு இறங்கும் கடைசித் திருப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது, மாணவர் நேர்க்கோட்டைத் தாண்டிப் போய்விட்டார். இன்னும் சாய்க்க பயம், அதனால் உள்பக்க ரட்டர் பெடலை (வாலில் உள்ள சுக்கானை அசைப்பது) மிதித்து மூக்கை மட்டும் திருப்பப் பார்க்கிறார். சாய்வு கூடுகிறது, எதிர்ப்பக்கம் ஸ்டிக்கை, அதாவது கைக்கட்டுப்பாட்டை, பிடிக்கிறார். மூக்கு இறங்குகிறது, பின்னால் இழுக்கிறார். உள்பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆகி, விமானம் அந்தப் பக்கமே சுழன்று கவிழும். நேராகப் பறக்கும்போது 50 நாட் (கடல் மைல்/மணி) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஏறக்குறைய 60-இலும், 60 டிகிரி சாய்ந்தால் 71-இலும் ஸ்டால் ஆகும். செஸ்னா 152-இன் கையேட்டிலேயே, ஒரு சுற்று ஸ்பின்னுக்கும் (ஸ்டால் ஆகிச் சுழன்றபடி விழுவது) மீள்வதற்கும் குறைந்தது 1,000 அடி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. சர்க்யூட்டின், அதாவது ஓடுபாதையைச் சுற்றிப் பறந்து இறங்கும் பாதையின், மொத்த உயரமே வழக்கமாக 1,000 அடி, கடைசித் திருப்பத்தில் அதில் பாதிதான் மிச்சமிருக்கும். அங்கே மீளும் வித்தை தெரிந்தும் பயனில்லை, அந்த நிலைக்கே போகாமல் இருக்க வேண்டும்.

கோ அரவுண்டும் அப்படித்தான். இறங்காமல் மறுபடி ஏறப் போகிறோம், ஃப்ளாப் (இறக்கையின் பின்னோர மடிப்பு) முழுசாக இறங்கியிருக்கிறது, ட்ரிம் (மூக்கின் நிலையைப் பிடித்து வைக்கும் அமைப்பு) மூக்குத் தூக்கலாக இருக்கிறது, திடீரென்று முழு பலம் கொடுத்தால் மூக்கு தானாக எழும்பும். அதைப் பலமாகத் தள்ளிப் பிடிக்க வேண்டும். சோலோவுக்கு (மாணவர் தனியாகப் பறப்பது) முன் இதைக் கை பழகும்வரை செய்யவைத்தார்களா என்று கேளுங்கள். எத்தனை லேண்டிங் முடிந்ததும் சோலோ அனுப்புவீர்கள் என்று கேட்காதீர்கள், எதையெல்லாம் பார்த்த பிறகு அனுப்புவீர்கள் என்று கேளுங்கள்.

புறப்பட்டதும் இன்ஜின் நின்றால் திரும்பி வரலாமா என்பதும் முக்கியம். 180 டிகிரி போதாது, விலகிப்போன தூரத்தையும் சேர்த்தால் அதைவிட அதிகம் திரும்பி, மறுபடி நேராக்க வேண்டும். 2023 அக்டோபரில் அமெரிக்காவின் லேக் ப்ளாசிட்டில் ரிச்சர்ட் மெக்ஸ்பாடன் இறந்தார், விமானப் பாதுகாப்பைக் கற்பிக்கும் அமைப்பின் தலைவராகவே இருந்தவர். புறப்பட்டதும் கோளாறு, திரும்பி வர முயன்றார்கள், ஓடுபாதைக்குச் சற்று முன்பே விழுந்துவிட்டது. உடனிருந்த விமானியும் இறந்தார். அனுபவம் நிறைய உள்ளவர்களுக்கே அந்த இடத்தில் இவ்வளவுதான் அவகாசம். அதனால் எந்த உயரத்துக்குக் கீழே திரும்பக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் புறப்படும் முன்பே வாய்விட்டுச் சொல்ல வைக்கும் பள்ளி நல்ல பள்ளி.

பட்டறைக்காரன் எழுதியது:

பழைய விமானம் பற்றி நான் சொல்கிறேன், என் வேலையே அதுதான்.

2018 ஏப்ரல் 4, அமெரிக்காவின் டேட்டோனா பீச். எம்ப்ரி-ரிடில் பல்கலைக்கழகத்தின் பைப்பர் ஆரோ என்ற சிறு விமானம், லைசென்ஸ் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஓடுபாதையைத் தொட்டுவிட்டு மறுபடி மேலேறும்போது இடது இறக்கை கழன்று விழுந்தது. மாணவர், தேர்வாளர் இருவரும் போனார்கள். அந்த விமானம் 2007-இல் தயாரானது. பயிற்சி விமானங்களில் அதைப் பழையது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 7,690 மணிநேரம் பறந்திருந்தது, 33,000-க்கும் மேல் தரையிறங்கியிருந்தது. இறக்கையைத் தாங்கும் முதன்மை ஸ்பாரின் (உள்ளே ஓடும் உத்தரம்) கீழ்ப்புறத்தில், போல்ட் போகும் துளையில் உலோகச் சோர்வு விரிசல். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் உடைகிறதே, அதே விஷயம்தான். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது, போல்ட்டைக் கழற்றி எடி கரண்ட் (மின்காந்த) சோதனை செய்தால்தான் தெரியும். அந்தச் சோதனையைக் கட்டாயமாக்கும் உத்தரவு 2021-இல் அமலுக்கு வந்தது, அதுவும் எத்தனை மணிநேரம், எந்த மாதிரிப் பயன்பாடு என்று கணக்குப் போட்டு.

ஆக, பிறந்த வருஷத்தைக் கேட்காதீர்கள், எப்படி உழைத்தது என்று கேளுங்கள். ஒரு சொந்தக்காரர் வாரம் ஒருமுறை ஓட்டும் 1978 மாடலைவிட, தினமும் மாணவர்கள் தரையில் மோதி மோதி இறக்கும் பத்து வயது விமானம் அதிகம் தேய்ந்திருக்கும். அதை யார், எந்த அட்டவணைப்படி பார்க்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

இன்னொன்று, செஸ்னாவில் இருக்கை தண்டவாளம். முன்னும் பின்னும் நகர்த்தும் அந்தத் தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும், இருக்கையின் பூட்டு ஊசி அதில் விழுந்து பூட்டிக்கொள்ள வேண்டும். வருஷக்கணக்கில் தேய்ந்து வட்டத் துளை நீள்வட்டமாகிவிடும், ஊசி பாதிதான் இறங்கும். தரையில் நன்றாக இருக்கும். வேகமெடுத்து மூக்கு எழும்பும் நொடியில் இருக்கை பின்னால் வழுக்கும். விமானி கையில் பிடித்திருப்பது கண்ட்ரோல் யோக், அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டே பின்னால் போவார். மூக்கு வானத்தைப் பார்க்கும், கால் ரட்டருக்கு எட்டாது. இதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். 1987-இலேயே இதற்குச் சோதனை உத்தரவு வந்துவிட்டது, இன்றைக்கும் நான் தேய்ந்த தண்டவாளத்தைப் பார்க்கிறேன். பள்ளியைப் பார்க்கப் போனால் தம்பியை உள்ளே உட்கார்ந்து, பூட்டிய பிறகு உடம்பால் முன்னும் பின்னும் பலமாக ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அனுமதி வாங்கிக்கொண்டுதான்.

அப்புறம் ஸ்நாக் புத்தகம், அதாவது கோளாறு எழுதும் பதிவேடு. அது சுத்தமாக, மாதக்கணக்கில் ஒன்றுமே எழுதாமல் இருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மாணவர்கள் ஓட்டும் விமானத்தில் ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கும். டயர் தேய்வு, ரேடியோ கரகரப்பு, கதவு சரியாகப் பூட்டவில்லை, மேக்னீட்டோ (ஸ்பார்க் ப்ளக்குக்கு மின்சாரம் தருவது) சோதனையில் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) அதிகம் விழுகிறது. எழுதவில்லை என்றால் வாயால் சொல்லி வாயாலேயே சரிசெய்துகொள்கிறார்கள் என்று அர்த்தம், இல்லையென்றால் சொல்லவே பயப்படுகிறார்கள்.

நீலவானி எழுதியது:

இருந்தாலும் புது விமானம் பாதுகாப்பானதுதானே? திரையில் பக்கத்து விமானங்கள் தெரியும், வானிலை தெரியும், சிரஸ் போன்ற சிறு விமானங்களில் விமானத்துக்கே பாராசூட் இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு 70-களின் மாடலில் போய்ப் படி என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ஓடுபாதை27 எழுதியது:

பாராசூட் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் வாதமே இல்லை. திரையைப் பற்றி மட்டும் ஒன்று. அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2002 முதல் 2006 வரை தயாரான சிறு விமானங்களில் டயல் உள்ளவற்றையும் திரை உள்ளவற்றையும் ஒப்பிட்டார்கள். திரை உள்ளவற்றில் மொத்த விபத்து விகிதம் குறைவு, ஆனால் உயிரிழப்பு விபத்துகளின் விகிதம் அதிகம். திரை விமானங்கள் நீண்ட பயணத்துக்கும் மேகத்துக்குள் பறப்பதற்கும் அதிகம் பயன்பட்டன, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் கருவி மாறினால் பயிற்சியும் மாற வேண்டும் என்பது அவர்கள் சொன்ன முக்கியமான விஷயம். திரை செயலிழந்தால் என்ன செய்வாய் என்று அந்தப் புதுப் பள்ளியின் மாணவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சட்டென்று வந்தால் நல்லது.

முதல்சோலோ எழுதியது:

நான் படித்துக்கொண்டிருக்கிறேன், எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். மேலே சொன்ன மேக்னீட்டோ விஷயம் எனக்கு நடந்தது. 152-இல் 1,700 ஆர்பிஎம்மில் வைத்து சாவியை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்ப்போம். 125-க்கு மேல் விழக் கூடாது, இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 50-க்குள் இருக்க வேண்டும். எனக்கு இடது பக்கம் விழுந்தது தெளிவாக எல்லையைத் தாண்டியது, இன்ஜின் உதறவும் செய்தது. எரிபொருள் கலவையைக் குறைத்து சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன், ஸ்பார்க் ப்ளக்கில் படிந்தது எரிந்து போய்விடும் என்பார்கள், சரியாகவில்லை. திரும்பி வந்து சொன்னேன். கவுன்டரில் இருந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ‘காலையில் போனவர் ஒன்றும் சொல்லவில்லையே, நீ இதை விட்டால் உன் அடுத்த ஸ்லாட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது’ என்றார். நான் போகவில்லை. உண்மையிலேயே அதற்குப் பிறகு ரொம்ப நாள் பறக்கும் பட்டியலில் என் பெயர் வரவில்லை. என் பேட்ச்சில் இதைப் பார்த்த மற்றவர்கள் என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தால்தான் கோபம் வருகிறது. அடுத்தவன் வாய் திறக்க மாட்டான்.

ஓடுபாதை27 எழுதியது:

நீங்கள் செய்தது சரி. இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே முக்கியமான பதிவு இதுதான் என்று நினைக்கிறேன். தம்பிக்காக, நீங்கள் தேடுவது இதைத்தான். ‘இன்று பறக்க மாட்டேன்’ என்று ஒரு மாணவர் சொன்னால் அவருக்கு என்ன ஆகிறது? அதற்காக அவர் எதையாவது இழக்கிறாரா? ஒரு பள்ளியின் பாதுகாப்பு மொத்தமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் எல்லா இடத்திலும் ஒன்றுதான். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் 19-ஆவது இணைப்பு பாதுகாப்பு மேலாண்மை முறை என்று ஒன்றை வகுத்திருக்கிறது, கோப்பு எல்லாரிடமும் இருக்கும். கவுன்டரில் இருப்பவருக்கு அந்தக் கோப்பு தெரியுமா என்பதுதான் கேள்வி.

இதில் இன்ஸ்ட்ரக்டரின் நிலைமையையும் சொல்ல வேண்டும். பல பள்ளிகளில் பறந்த மணிநேரத்துக்குத்தான் அவருக்குச் சம்பளம். மேகம் இறங்கி நின்றால் அன்று வருமானம் இல்லை. அமெரிக்காவில் 2009-இல் கோல்கன் ஏர் 3407 என்ற பயணிகள் விமானத்தின் விபத்துக்குப் பிறகு, விமான நிறுவனங்களில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணிநேரம் வேண்டும் என்று 2013-இல் விதி வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த மணிநேரத்தைச் சேர்க்க, லைசென்ஸ் எடுத்த கையோடு இன்ஸ்ட்ரக்டர் ஆவதுதான் வழக்கமான பாதை. மணிநேரம் சேர்ந்ததும் போய்விடுவார், அடுத்த புதியவர் வருவார். அவர்களில் அருமையான ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் புதியவர்களை மேற்பார்வை பார்க்க மூத்தவர் ஒருவராவது தினமும் அங்கே இருக்கிறாரா, அவர் ‘வேண்டாம்’ என்றால் உரிமையாளர் கேட்பாரா, அதைப் பாருங்கள். உங்கள் தம்பிக்கு ஒரு வருஷத்தில் எத்தனை இன்ஸ்ட்ரக்டர் மாறுவார் என்றும் கேளுங்கள். ஆள் மாறும்போதுதான் ‘இவருக்கு எது வராது’ என்ற தகவல் தொலைந்துபோகும்.

கீழ்வானம் எழுதியது:

ஸ்பின் பயிற்சியைக் கட்டாயமாக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். அமெரிக்காவில் சொந்தத் தேவைக்குப் பறப்பவர்களின் லைசென்ஸுக்கு அதை 1949-இலேயே எடுத்துவிட்டார்கள், இப்போது இன்ஸ்ட்ரக்டர் ஆகிறவர்களுக்கு மட்டும்தான் வேண்டும். விமானம் சுழல்வதை ஒருமுறைகூடப் பார்க்காதவருக்கு அது நடக்கும்போது மூளை உறைந்துவிடாதா?

ஓடுபாதை27 எழுதியது:

எடுத்ததற்குக் காரணம் இருந்தது, அந்தப் பயிற்சியிலேயே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டால் எப்படி வருகிறது, அதற்குள் போகாமல் எப்படித் தவிர்ப்பது என்பதில் நேரத்தைச் செலவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். 500 அடியில் ஸ்பின் ஆனால் பயிற்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு ஒன்றுதான். ஆனால் உறைந்துபோவது பற்றி நீங்கள் சொல்வது உண்மை. நான் என் மாணவர்களை, அதற்கு அனுமதியுள்ள விமானத்தில், நல்ல உயரத்தில், ஒருமுறையாவது கூட்டிப் போவேன். பவர் குறை, எய்லிரான் (இறக்கையைச் சாய்க்கும் மடிப்பு) நடுவில், சுழற்சிக்கு எதிர் ரட்டர் முழுசாக, பிறகு ஸ்டிக் முன்னால். திரும்பி வரும்போது முகமே மாறியிருக்கும், அதன் பிறகு கடைசித் திருப்பத்தில் ரட்டரைத் தேவையில்லாமல் மிதிக்க மாட்டார்கள்.

கீழ்வானம் எழுதியது:

சரி, அப்படிச் செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒருவேளை சட்டத்தைவிட இன்ஸ்ட்ரக்டர்தான் முக்கியமோ என்னவோ. நடுவானில் மோதுவது பற்றி யாரும் பேசவில்லையே? 2025 ஜூலையில் கனடாவின் மானிடோபாவில், ஸ்டைன்பாக் பக்கத்தில், ஒரே பள்ளியின் இரண்டு செஸ்னாக்கள் மோதி இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். 2018 ஜூலையில் ஃப்ளோரிடாவின் எவர்க்ளேட்ஸில் ஒரே பள்ளியின் இரண்டு விமானங்கள் மோதி நான்கு பேர்.

ஓடுபாதை27 எழுதியது:

ஆமாம். ஒரே பள்ளி விமானங்கள் மோதுவதில் ஆச்சரியமில்லை, ஒரே வான்வெளியில், ஒரே சர்க்யூட்டில், ஒரே நேரத்தில் சுற்றுபவர்கள் அவர்கள்தான். கண்ணால் பார்த்து விலகு என்பது சொல்ல எளிது. இறக்கை மேலே உள்ள விமானத்தில் திரும்பும்போது, போகிற பக்கமே மறைந்துவிடும். இறக்கை கீழே உள்ளதில் கீழே இருப்பவர் தெரிய மாட்டார். இறக்கை கீழே உள்ளது மேலேயும், இறக்கை மேலே உள்ளது அதற்கு அடியிலும் இறங்கினால் ஒருவருக்கொருவர் கண்ணிலேயே படாது. மோதப்போகும் விமானம் கண்ணாடியில் நகராமல் ஒரே புள்ளியாக நிற்கும், நகராத பொருளைக் கண் சுலபமாக விட்டுவிடும். அதனால்தான் ரேடியோவில் எங்கே இருக்கிறேன் என்று சொல்வதும், அதைவிட மற்றவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதும். இதற்கும் நீலவானி சொன்ன கருவிகள் உதவும், அதை ஒப்புக்கொள்கிறேன். அதோடு ஒரே நேரத்தில் சர்க்யூட்டில் எத்தனை விமானம் என்று பள்ளி ஒரு வரம்பு வைத்திருக்கிறதா என்றும் கேளுங்கள். பயிற்சிப் பகுதியை உயரவாரியாகப் பிரித்துக் கொடுக்கிறார்களா என்றும்.

தம்பிக்காக எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். முதல்சோலோ எழுதியதை இரண்டாவது முறை படிக்கச் சொன்னார். ஆனால் கோளாறு எழுதினால் என்ன ஆகும் என்று அலுவலகத்தில் கேட்டால் உண்மையைச் சொல்வார்களா?

முதல்சோலோ எழுதியது:

அலுவலகத்தில் கேட்காதீர்கள். மதிய வெயிலில் பறப்பது நிற்கும்போது மாணவர்கள் எங்காவது நிழலில் உட்கார்ந்திருப்பார்கள், அங்கே தம்பியைத் தனியாக அனுப்புங்கள். கடைசியாக எப்போது ஒரு விமானத்தைத் திருப்பி விட்டாய், அப்புறம் என்ன ஆனது என்று கேட்கச் சொல்லுங்கள். கதை உடனே வந்து, சிரித்துக்கொண்டே சொன்னால் நல்ல இடம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் வேண்டாம். பறக்காத மணிநேரத்தை லாக்புக்கில் (பறந்த நேரத்தின் பதிவேடு) எழுதித் தருவார்கள் என்று யாராவது மெதுவாகச் சொன்னால் அதைச் சலுகை என்று நினைத்துவிடாதீர்கள், உடனே கிளம்பி வந்துவிடுங்கள். அந்த மணிநேரம் தேவைப்படும் நாளில் அது கையில் இருக்காது.

பட்டறைக்காரன் எழுதியது:

பராமரிப்பு இடத்தையும் பார்க்க அனுமதி கேளுங்கள். கருவிப் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் வரைந்த இடம் இருந்து, காலியாக உள்ள இடத்தில் யார் எடுத்தது என்று சீட்டு தொங்கினால் அந்த ஆட்களை நம்பலாம். விட்டுப்போன ஒரு ஸ்க்ரூட்ரைவர் கண்ட்ரோல் கேபிளில் சிக்கினால் போதும்.

தம்பிக்காக எழுதியது:

பழைய விமானத்தில் புகை உள்ளே வரும் என்று எங்கோ படித்தேன், அதற்கென்று ஒரு கருவி இருக்கிறதாமே. தம்பியே வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பட்டறைக்காரன் எழுதியது:

கார்பன் மோனாக்சைடைச் சொல்கிறீர்கள். கட்டாயம் வாங்குங்கள். ஒற்றை இன்ஜின் விமானங்கள் பெரும்பாலானவற்றில் எக்ஸாஸ்ட் மஃப்ளரைச் சுற்றி ஓடும் காற்றைத்தான் ஹீட்டராக உள்ளே விடுகிறார்கள். மஃப்ளரில் விரிசல் விழுந்தால் புகையும் சேர்ந்து வரும், வாசனை தெரியாமலும் வரலாம். 2019-இல் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா போன பைப்பர் மாலிபு விழுந்ததே, அவருடைய இரத்தத்தின் ஹீமோகுளோபினில் 58 சதவீதம் இந்த வாயுவோடு பிணைந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். லேசான தலைவலி, எதிலும் அக்கறையில்லாத ஒரு மந்தம், அவ்வளவுதான் முன்னறிவிப்பு.

பல விமானங்களில் நிறம் மாறும் அட்டை ஒட்டியிருக்கும். அதைப் பிரித்த தேதியே யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், காலாவதியானால் நிறம் மாறாது, மாறினாலும் பறக்கிற அவசரத்தில் யார் அதைப் பார்ப்பது? சத்தம் போடும் மின்னணுக் கருவி வாங்கச் சொல்லுங்கள், சட்டைப் பையில் கிளிப் போட்டுக்கொள்ளலாம். ஒலித்தால் ஹீட்டரை அடைத்து, வெளிக்காற்றுத் துவாரங்களையும் ஜன்னலையும் திறந்து, அருகில் எங்கே முடியுமோ அங்கே இறங்க வேண்டும். இறங்கியதும் ஸ்நாக் புத்தகத்தில் எழுத வேண்டும். சாவியைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போகாமல் பராமரிப்பு ஆளின் கையில் நேராகக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பதினைந்து நிமிஷத்தில் வேறொரு மாணவர் அதே விமானத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பார்.